பண்டசாலைப் பேரேடும் மக்கள் தேவையும்
(இலங்கைப் பங்கீட்டு வரலாற்றை முன்வைத்து ஒரு நோக்கு)

ஒரு பண்டசாலையிலே உள்ள பொருட்களை அவற்றின் விற்பனை வேகத்துக்கேற்ப வரிசைப்படுத்தி, முன்னிற்பவற்றை முதலிலும் பின்னிற்பவற்றைப் பின்னரும் மீள நிரப்புதல் இன்றைய வணிகத்தின் பொது நடைமுறையாகும். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள பெரிய விற்பனை நிலையங்களில் இவ்வரிசையைக் கணினி ஆக்கித் தருகின்றது. பாலமுனையின் சிறு கடைக்காரர் அதனைத் தம் மனக்கணக்கிலே செய்துகொள்கின்றார். கருவி வேறாயினும் இருவரும் விடை காண முயலும் வினா ஒன்றே: அடுத்த முறை எதனை, எவ்வளவு, எப்போது கொள்வனவு செய்வது?

இவ்வினா வணிகர்க்கு மட்டுமே உரியதன்று. எமது நாட்டிலே 1942 முதல் ஏறக்குறைய நான்கு தசாப்தங்கள் அரிசி முதலாய அடிப்படை உணவுப் பொருட்களைப் பொறுத்தவரை இதற்கு விடை கூறியது அரசாகும். அரசு அளித்த விடை விற்பனையின் வேகத்தை அடியாகக் கொண்டதன்று. உண்போரின் எண்ணிக்கையை அடியாகக் கொண்டது. பின்னர் அவ்விடை கைவிடப்பட்டு விற்பனைக் கணக்கு அதன் இடத்தைப் பெற்றது. இவ்விரு முறைகளையும் வரலாற்று நோக்கில் ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எதனைக் காண்கின்றது, எதனைக் காணத் தவறுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரிசைப்படுத்தலின் தோற்றம்

கையிருப்பைக் கணித முறையில் நோக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குரியது. 1913 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளரான போர்ட் ஹரிஸ் என்பார் ஒரு தொழிற்சாலைச் சஞ்சிகையிலே எழுதிய கட்டுரையில், ஒரு தடவையில் எவ்வளவு பொருளைத் தருவித்தல் இலாபகரமானது என்பதற்கு ஒரு சூத்திரத்தை முன்வைத்தார். அடிக்கடி சிறிது சிறிதாகத் தருவித்தால் ஏற்றியிறக்கும் செலவும் எழுத்து வேலையும் கூடும். ஒரே தடவையில் பெருமளவு தருவித்தாலோ முதல் முடங்கும், பொருள் பழுதடையும். இவ்விரண்டும் சமநிலையுறும் புள்ளியைக் காண்பதே அவரது சூத்திரமாகும்.

ஆயின் ஆயிரம் வகைப் பொருட்கள் உள்ள பண்டசாலையிலே ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு கவனம் செலுத்துதல் இயலாது. எதற்கு முதலிடம் அளிப்பது என்ற வினா இங்கு எழுகின்றது. லோசான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவிருந்த இத்தாலியரான வில்பிரெடோ பரேட்டோ, 1896-97 இல் வெளியான தமது பொருளியல் நூலிலே, வருமானம் எந்நாட்டிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதையும் அச்சமமின்மையில் ஓர் ஒழுங்கு காணப்படுவதையும் எடுத்துக்காட்டியிருந்தார். அவரது கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிற துறைகளுக்கும் விரித்துரைக்கப்பட்டது. 1951 இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த போர்ட் டிக்கி என்பார் கையிருப்புப் பொருட்களை ஏ, பீ, சீ என மூன்றாக வகுக்கும் முறையை எழுதி வெளியிட்டார். பண்டசாலையிலுள்ள வகைகளுள் ஒரு சிலவே விற்பனைப் பெறுமதியின் பெரும்பங்கைத் தருகின்றன. அவை ஏ. நடுத்தரமானவை பீ. எண்ணிக்கையில் மிகுந்தும் பெறுமதியில் குறைந்தும் இருப்பவை சீ. முதலாம் வகையை நாள்தோறும் கண்காணிக்க வேண்டும். மூன்றாம் வகையை இடையிடையே பார்த்தாற் போதும்.

பெறுமதிக்குப் பதிலாக வேகத்தை அளவுகோலாகக் கொண்டு, விரைந்து நகர்வன, மெல்ல நகர்வன, நகராதன எனப் பகுக்கும் முறையும் உண்டு. மீள்நிரப்பற் கணக்கு இதனோடு எளிதாக இணைகின்றது. உதாரணமாக, ஒரு கடையில் நாளொன்றுக்கு 4 மூடை சீனி விற்பனையாகின்றது என்றும், கொழும்பிலிருந்து சரக்கு வந்து சேர 5 நாட்கள் ஆகும் என்றும் கொள்வோம். காத்திருக்கும் 5 நாட்களுக்கும் 20 மூடை வேண்டும். பாதை தடைப்படலாம், விற்பனை கூடலாம் என்பதற்காக மேலும் 8 மூடையைக் காப்பிருப்பாக வைத்தால், கையிருப்பு 28 மூடையாகக் குறையும்போதே அடுத்த கட்டளையை அனுப்பிவிட வேண்டும். விரைந்து நகரும் பொருளுக்கு இக்கணக்கை நுணுக்கமாகவும், நகராத பொருளுக்கு மேலோட்டமாகவும் செய்வதே வரிசைப்படுத்தலின் பயன்.

தலைக்கணக்கின் காலம்

இம்முறைகள் மேனாட்டுத் தொழிற்சாலைகளில் உருப்பெற்றுவந்த அதே காலப்பகுதியில், இலங்கையின் களஞ்சியங்கள் முற்றிலும் வேறான ஒரு கணக்கின்படி நிரப்பப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். இலங்கைக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்தே அதுவரை வந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் கொழும்பும் திருகோணமலையும் விமானத் தாக்குதலுக்குள்ளாகின. இச்சூழ்நிலையிலேதான் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. சங்கக் கடைகளுக்குப் பொருள் வழங்குவதற்கென 1943 இல் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் தோற்றுவிக்கப்பட்டது. 1949 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டம் அதனைச் சட்டபூர்வமான கூட்டுத்தாபனமாக்கியது. சதொச என்று மக்கள் வழங்குவது அதன் சிங்களப் பெயரின் முதலெழுத்துக்களின் சேர்க்கையே.

பங்கீட்டு முறையின் கீழ் ஒரு சங்கக் கடைக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்பதை அறிய விற்பனைப் பேரேட்டைப் புரட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. அக்கடையிலே பதியப்பட்ட கூப்பன் புத்தகங்களை எண்ணினாற் போதும். ஆயிரம் புத்தகங்கள் உள்ள கடையில் ஆளொன்றுக்கு வாரம் 2 கொத்து வீதம் 2,000 கொத்து. கொத்து ஒன்று 2 இறாத்தல் எனக் கொண்டால் 4,000 இறாத்தல். உணவுத் திணைக்களக் களஞ்சியத்திலிருந்து அவ்வளவும் வந்து சேரும். இங்கே பொருளை வரிசைப்படுத்தியது விற்பனை அன்று, உரிமையே எனலாம். அரிசி முதலிடம் பெற்றமைக்குக் காரணம் அது விரைந்து விற்றமையன்று. அது இன்றி மனிதர் வாழ இயலாது என அரசு ஏற்றுக்கொண்டமையே.

இம்முறையின் சிறப்பு இதிலேயே அடங்கியுள்ளது. கையிற் பணம் குறைந்தவரும் களஞ்சியத்தின் கணக்கிலே ஒருவராக எண்ணப்பட்டார். நகரங்களுக்கு அப்பாலுள்ள கிராமமும் தன் தலைத்தொகைக்குரிய பங்கைக் கோரக்கூடியதாயிற்று. அரிசியை மக்கள் எத்துணை உரிமையாகக் கருதினர் என்பதை 1953 ஆம் ஆண்டு வரலாறு காட்டுகின்றது. கொத்து 25 சதத்துக்கு வழங்கப்பட்ட பங்கீட்டரிசியின் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 ஆம் நாள் நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க அவ்வாண்டிலேயே பதவி துறந்தார்.

எனினும் தலைக்கணக்கு குறைகளற்றதன்று. அது மனிதரை எண்ணியதேயன்றி அவர்தம் விருப்பையோ பருவத்தையோ எண்ணவில்லை. அம்பாறைக் கரையோரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாக நீர்ப்பாசனம் விரிவுற்ற இப்பிரதேசம் நாட்டின் முதன்மையான நெற்களஞ்சியங்களுள் ஒன்று. பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், அட்டாளைச்சேனை ஆகிய ஊர்களின் வாழ்வு ஒருபுறம் வயலோடும் மறுபுறம் கடலோடும் பிணைந்தது. பெரும்போக அறுவடை முடிந்ததும் வயலுள்ள வீடுகளிலே நெல் நிறைந்திருக்கும். சிறுபோக விதைப்பை அண்மிய மாதங்களிலும் மாரிக்கு முன்னரும் அது கரைந்துபோகும். கூப்பன் கணக்கோ ஆண்டு முழுவதும் ஒரே அளவினதே. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நெல் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டு, பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அதன் முகவர்களாக நெல்லைக் கொள்வனவு செய்தபோது, விவசாயி தன் நெல்லைச் சங்கத்துக்கு விற்று, அதே சங்கத்தின் கடையிலே பங்கீட்டரிசியை வாங்கும் விந்தையும் இயல்பாயிற்று.

இதனிலும் பெரிய குறை ஒன்றுண்டு. தலைக்கணக்கு தேவையைக் கூறும். அத்தேவையை நிறைவேற்றும் வளத்தைத் தோற்றுவிக்காது. அந்நியச் செலாவணி அருகியபோதெல்லாம் பங்கு வெட்டப்பட்டது. 1966 டிசம்பரில் வாரம் 2 கொத்து 1 கொத்தாகக் குறைக்கப்பட்டு, அது இலவசமாக்கப்பட்டது. 1970 இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு இரண்டாம் கொத்தை விலைக்கு வழங்கியது. 1973-74 ஆம் ஆண்டுகளின் உலக உணவு நெருக்கடியில் பங்குகள் மீண்டும் சுருங்கின. சங்கக் கடையின் முன்னே நீண்ட வரிசைகள் அக்காலத்தவர் நினைவில் இன்றும் நிலைத்துள்ளன. பண்டசாலையிலே பொருட்கள் வரிசைப்படுத்தப்படாத காலத்தில் வீதியிலே மக்கள் வரிசைப்படுத்தப்பட்டனர்.

பேரேடு ஆட்சிக்கு வருதல்

1977 இல் பதவியேற்ற அரசு இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1978 இன் தொடக்கத்தில் பங்கீடு மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கெனச் சுருக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் பங்கீடு நீக்கப்பட்டு உணவு முத்திரைகள் வழங்கப்பட்டன. இம்மாற்றத்தின் உட்பொருள் கூர்ந்து நோக்கற்பாலது. கூப்பன் கொத்துக் கணக்கில் அமைந்தது. முத்திரையோ ரூபாக் கணக்கில் அமைந்தது. விலை ஏறியபோது கொத்து கொத்தாகவே இருந்திருக்கும். ரூபாவின் பெறுமதியோ தேய்ந்தது. களஞ்சியத்தின் கண்ணிலே மனிதர் இனித் தலையாகத் தோன்றவில்லை. அவர் செலவிடக்கூடிய பணமாகவே தோன்றினர்.

இதனாலே விளைந்த நன்மைகளை மறுத்தல் நேர்மையாகாது. கடைகளிலே பொருட்கள் பெருகின, வகைகள் விரிந்தன, மக்கள் விரும்பியதைத் தெரிந்து வாங்கினர். எப்பொருள் தேவை என்பதைக் கொழும்பிலுள்ள அதிகாரி தீர்மானிப்பதற்குப் பதிலாக, வாங்குவோரே தம் தெரிவினால் தீர்மானித்தனர். றமழான் நெருங்கும்போது பேரீச்சம்பழமும், விதைப்பு நெருங்கும்போது பசளையும், கடல் அமைதியுறும்போது வலைநூலும் எவருடைய ஆணையுமின்றிக் கடைக்கு வந்து சேர்வது விற்பனைக் கணக்கின் ஆற்றலே. ஆயினும் அக்கணக்கு மூன்று இடங்களிலே பார்வை இழக்கின்றது.

முதலாவது, பொருள் தீர்ந்துபோன நாட்கள். ஒரு கடையில் மாதத் தொடக்கத்தில் 10 மூடை மா இருந்து, அது 10 நாட்களில் விற்றுத் தீர்ந்து, எஞ்சிய 20 நாட்களும் புதுச் சரக்கு வரவில்லை எனக் கொள்வோம். மாதக் கணக்கு '10 மூடை' என்று கூறும். உண்மையான கேள்வியோ நாளொன்றுக்கு 1 மூடை, அதாவது மாதம் 30 மூடை. வந்து கேட்டு வெறுங்கையோடு திரும்பியோரைப் பேரேடு பதிவதில்லை. அடுத்த மாதம் 10 மூடையே தருவிக்கப்படும். மீண்டும் பத்தாம் நாளிலே தீரும். பற்றாக்குறை தன்னைத் தானே உறுதிசெய்துகொள்ளும். சரக்கு வருவதற்குத் தாமதமாகும் ஊர்களிலே இத்தவறு கடுமையாகின்றது. மட்டக்களப்புவரை 1928 இல் புகையிரதம் வந்தபோதும், அதற்குத் தெற்கேயுள்ள கரையோர ஊர்கள் வீதியையே நம்பியிருந்தன. 1978 நவம்பர்ச் சூறாவளியிலும், 1990 இல் மீண்டும் மூண்ட போரிலும், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையிலும் அவ்வீதிப் போக்குவரத்து தடைப்பட்டது. அத்தகைய மாதங்களின் விற்பனையை அடியாகக் கொண்டு அடுத்த மாதங்களுக்குக் கொள்வனவு செய்தல் நோயுற்ற நாளின் உணவை அளந்து ஒருவனுக்கு வாழ்நாள் முழுவதும் உணவு வகுப்பது போன்றதாகும்.

இரண்டாவது, விற்பனையின்மையைத் தேவையின்மை எனக் கொள்ளும் தவறு. அண்மைக்கால வரலாறே இதற்குச் சிறந்த சான்று. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. அதற்கிடையில் பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டது. அப்போகத்துக்குரிய விற்பனைக் கணக்கை மட்டும் பார்க்கும் ஒரு கணினி, யூரியாவை 'நகராத பொருள்' என வகுத்திருக்கும். ஆனால் அம்பாறையின் வயல்களிலே அப்பொழுது அதனிலும் கூடுதலாகத் தேடப்பட்ட பொருள் வேறில்லை. பேரேட்டிலே காணப்படும் சுழியம் இருவகைப்படும். எவரும் கேளாமையால் வந்த சுழியம் ஒன்று. எவருக்கும் கிடையாமையால் வந்த சுழியம் மற்றொன்று. எழுத்தில் இரண்டும் ஒன்றே.

மூன்றாவது, விற்பனைப் பெறுமதிக்கும் பயனுக்கும் இடையிலான வேறுபாடு. இதனை மருந்து வணிகத்தின் வரலாறு தெளிவாக்குகின்றது.

மருந்தும் வரிசையும்

இலங்கையிலே 1971 ஆம் ஆண்டளவில் தனியார் துறையினர் இறக்குமதி செய்த மருந்துகள் ஏறக்குறைய 2,100 என மதிப்பிடப்பட்டது. ஒரே மருந்து பல்வேறு வணிகப் பெயர்களில், பல்வேறு விலைகளில் வந்துகொண்டிருந்தது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயும் இடதுசாரித் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவ்வாண்டிலே சமர்ப்பித்த அறிக்கையின் அடிப்படையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதலாவது தலைவரானார். தேசிய மருந்துக் குறிப்பேட்டுக் குழு மருந்துகளின் எண்ணிக்கையை ஏறக்குறைய 600 ஆகக் குறைத்தது. வணிகப் பெயர்களுக்குப் பதிலாக மருந்துகளின் பொதுப் பெயர்களுக்கு முதன்மை அளிக்கப்பட்டது. உலகளாவிய கேள்விப்பத்திரங்களின் மூலம் கொள்வனவு நிகழ்ந்தது.

கையிருப்பு நோக்கிலே இச்செயலின் பொருள் யாது? அதுவரை மருந்துக் களஞ்சியத்தின் உள்ளடக்கத்தைப் பெரிதும் தீர்மானித்தது விற்பனையும், அவ்விற்பனையைத் தூண்டிய விளம்பரமும் ஆகும். பிபிலேயின் குழு வேறொரு வினாவை எழுப்பியது: இம்மருந்து எதற்குப் பயன்படுகின்றது? அதே பயனைக் குறைந்த விலையில் தருவது உண்டா? விற்பனைப் பட்டியலில் முன்னின்ற பல இவ்வினாவின் முன்னே நிலைக்கவில்லை. இத்துறையிலே ஏ, பீ, சீ என்னும் பகுப்போடு உயிர்காப்பன, இன்றியமையாதன, ஏனையன என்னும் பகுப்பையும் சேர்த்து நோக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் உள்ளது. பாம்புக்கடிக்குரிய மாற்று மருந்தை இங்கு நினைத்துப் பார்க்கலாம். ஓர் ஆண்டிலே சில தடவைகளே அது பயன்படலாம். விற்பனை வரிசையில் அதற்குக் கடைசி இடமே கிடைக்கும். ஆயின் வயலில் இறங்கி வேலை செய்யும் மக்களைக் கொண்ட மாவட்டத்தின் வைத்தியசாலையிலே அது ஒருநாளேனும் இல்லாதிருத்தல் ஏற்கத்தக்கதன்று. 1977 இல் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே பிபிலே கயானாவிலே காலமானார்.

இதன் மறுபக்கத்தை ஆழிப்பேரலை காட்டியது. இலங்கையிலே மிகக் கூடுதலான உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறை. உலகெங்குமிருந்து வந்த உதவிப் பொருட்களிடையே, வெப்ப நாட்டுக்குப் பொருந்தாத உடைகளும் எவரும் கேளாத மருந்துகளும் கலந்திருந்தன. அன்பினால் அனுப்பப்பட்டவையே அவையும். ஆயின் விற்பனைக் கணக்கும் இன்றி, தலைக்கணக்கும் இன்றி, கொடுப்போர் கையில் உள்ளது எதுவோ அதுவே வந்து நிறையும்போது களஞ்சியம் இடத்தை இழக்கின்றது. வேண்டிய பொருள் வாயிலிலே காத்துக் கிடக்கின்றது. எவ்வகை வரிசையும் இல்லாமை, தவறான வரிசையிலும் தீமையுடைத்து என்பதை இதனாற் பெறலாம்.

முடிவுரை

தலைக்கணக்கின் காலம் 1979 உடன் முற்றாக முடிந்துவிட்டது என நாம் எண்ணியிருந்தோம். 2022 இன் பொருளாதார நெருக்கடி அவ்வெண்ணத்தைத் திருத்தியது. எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. அவ்வாண்டிலேயே தேசிய எரிபொருள் அனுமதி நடைமுறைக்கு வந்து, ஒவ்வொரு வாகனத்துக்கும் வார ஒதுக்கீடு நிர்ணயிக்கப்பட்டது. கைப்பேசியிலுள்ள குறியீட்டைக் காட்டி மக்கள் எரிபொருள் பெற்றனர். 2023 இல் அது நீக்கப்பட்டது. வடிவம் புதிது, கணக்கு கூப்பன் காலத்ததே. பொருள் பெருகியிருக்கையில் விற்பனை வரிசையையும், பொருள் அருகுகையில் தலைக்கணக்கையும் நாடுவது எமது வரலாற்றின் போக்கு என இதிலிருந்து துணியலாம்.

ஆயின் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவ வேண்டியதில்லை. விற்பனை வரிசையை ஆளும் களஞ்சியம் மூன்று செயல்களைச் சேர்த்துச் செய்தாற் போதும். விற்பனையை மாதத்தால் வகுக்காது, பொருள் கையிருப்பில் இருந்த நாட்களால் வகுத்தல் ஒன்று. அறுவடை, நோன்பு, கடற்பருவம் ஆகியவற்றைக் கருதி, சென்ற மாதத்தோடு மட்டுமன்றிச் சென்ற ஆண்டின் அதே பருவத்தோடும் ஒப்பிடுதல் இரண்டு. விற்பனை எவ்வளவாயினும் தீரவிடக் கூடாத பொருட்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்றை வைத்திருத்தல் மூன்று.

இவற்றுக்கும் மேலாகப் பேரேட்டிலே இன்னுமொரு நிரல் வேண்டும். கேட்டும் கொடுக்க முடியாமற் போனவற்றை எழுதும் நிரல் அது. எமது ஊர்க் கடைகளின் கடன் கொப்பிகளை நோக்கின், அவற்றில் இதன் சாயலைக் காணலாம். கையிற் பணமில்லாதவர் என்ன கேட்டார், எப்போது கேட்டார், அறுவடைக்குப் பின் எப்போது தீர்த்தார் என்பன அதிலே பதிவாகியுள்ளன. பணம் செலுத்தும்போது மட்டும் கண்விழிக்கும் இயந்திரத்துக்கு இவ்வறிவு கிடையாது. பொருளாதார வரலாறு பயில்வோர் அரச அறிக்கைகளைத் தேடுவது போல இக்கொப்பிகளையும் தேடிப் பேணுதல் நன்று. ஒரு மக்கள் கூட்டத்தின் தேவையை அது வாங்கியவற்றினால் மட்டும் அளத்தல் இயலாது. கேட்டுப் பெறாது திரும்பியவையும் அவ்வளவையிற் சேர்தல் வேண்டும்.